ஐம்பத்தெட்டுப் புள்ளி ஆறு

வித்தியாவின் நிறை ஐம்பத்தெட்டுப் புள்ளி ஆறு கிலோ. நேற்று இன்றல்ல, பதினொரு வருடமாக அதுதான். கிறிஸ்மஸ் வரும் போகும், கோயில் திருவிழா வரும் போகும், அவள் குடியிருக்கிற லின்ஃபீல்டில் யாருடைய வீட்டிலோ பிறந்தநாள் என்று மட்டன் ரோல்ஸ் தட்டுத் தட்டாய் வரும். வித்தியா எல்லாவற்றையும் சாப்பிடுவாள். நிறை மட்டும் அசையாது. அவளுடைய சிநேகிதிகளுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பற்றட்டும். அவளுக்கு அந்த எண் தொழிலுக்குத் தேவைப்பட்டது.

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாக நடக்கிற நர்ஸ் இல்லை. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் மேற்குப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மாதம் ஒருமுறை காரில் போய், அங்கே வேலை செய்கிறவர்களின் காது, கண், பிரஷர், நிறை எல்லாம் பார்த்து ஆளுக்கொரு அட்டையில் எழுதிக் கொடுக்கிற நர்ஸ். காரின் முன்சீட்டில் கம்பனி கொடுத்த தராசு இருக்கும், பெல்ட் போட்டபடி. புருஷன் யசீகரன் அந்தக் காரில் ஏறினால் அவனுக்குப் பின்சீட்டுத்தான். இதில் அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. தராசு பழுது என்று தெரியாமல் ஒரு லொறி டிரைவருக்கு நாலு கிலோ கூட்டி எழுதிவிட்டாள். அந்த மனிதனின் மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் முழுக்க அவனுக்கு இலை தழையாகவே போட்டிருக்கிறாள். அடுத்த மாதம் அவன் வந்து வித்தியாவை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகள் அவளுக்கு இன்றைக்கும் காதில் நிற்கின்றன. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். காலையில் முதல் ஆள் வரமுன், சப்பாத்தைக் கழற்றி, போனை மேசையில் வைத்துவிட்டு, தானே தராசில் ஏறி நிற்பாள். ஐம்பத்தெட்டுப் புள்ளி ஆறு காட்டினால் தராசு சரி. ஆட்களைக் கூப்பிடலாம்.

இதற்கென்று கம்பனி பத்துக் கிலோ இரும்புப் படிக்கல் ஒன்றும் கொடுத்திருந்தது. அதைத் தினமும் தூக்கிக்கொண்டு திரிய அவளுக்கு என்ன விசரா? அது லின்ஃபீல்ட் வீட்டுக் கராஜ் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி பதினொரு வருடமாகக் கிடந்தது. யசீகரன் அதில் இரண்டு தரம் கால்விரலை அடித்து ஒரு நகத்தையும் பறிகொடுத்திருக்கிறான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வித்தியாவுக்கும் யசீகரனுக்கும் பிள்ளை இல்லை. வேண்டாம் என்று இருந்தவர்கள் இல்லை. ஒன்பது வருடம் ஏறாத கிளினிக் இல்லை, போடாத ஊசி இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. இரண்டு தரம் கரு தங்கியது. இரண்டு தரமும் எட்டாம் கிழமை தாண்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன், வித்தியாவுக்கு முப்பத்தொன்பது நடக்கும்போது, "இனிக் காணும், போதும்" என்று இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து முடிவெடுத்தார்கள். பிள்ளைக்கென்று விட்டிருந்த சின்ன அறைக்குள் உடற்பயிற்சிச் சைக்கிள் வந்தது. அதில் துவாய் காயப்போட்டார்கள். வித்தியா வெளியே சிரித்துக்கொண்டுதான் திரிந்தாள், ஆனால் ஆசை எங்கே போகும்? மாதா மாதம் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தராசில் ஏற்றி, போன மாத எண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லாக் கூடியிருக்கு" என்று சொல்லுவாள். சொல்லும்போது மனம் நிறைந்தும் போகும், நொந்தும் போகும்.

இந்த வருடம் பெப்ரவரியில் தராசு பிசகத் தொடங்கியது.

முதல் நாள் ஐம்பத்தொன்பது புள்ளி மூன்று காட்டியது. வித்தியா இறங்கி ஏறினாள். மற்றப் பக்கம் திரும்பி நின்று பார்த்தாள். காதுத்தோட்டைக் கழற்றிவிட்டு ஏறினாள். அதே எண். பின்னேரம் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இந்தத் தராசு பழுதாப் போச்சு. எழுநூறு கிராம் கூடக் காட்டுது."

யசீகரன் புதுக் கட்டிடங்களைப் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறவன். எதையும் அளந்துதான் பேசுவான். "நீர் கூடியிருப்பீர்" என்றான்.

"நானோ? என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? பதினொரு வருசமாக் கூடாத நான் இப்ப என்னத்துக்குக் கூடுறன்?"

அவன் உடனே கராஜ் அலுமாரியைத் திறந்தான். ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்து, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். "தரை மட்டமாத்தான் கிடக்கு. அப்ப தராசிலைதான் பிழை" என்று தீர்ப்புச் சொன்னான். இரும்புப் படிக்கல் அவர்களுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்ப்போம் என்று இரண்டு படித்த மனிதர்களுக்கும் தோன்றவில்லை. பதினொரு வருடம் கதவுக்கு முட்டாக நின்றதை யார் படிக்கல் என்று நினைப்பார்கள்!

கம்பனிக்குப் போன் பண்ணினால், புதுத் தராசு மே மாதம்தான் வரும் என்றார்கள். வித்தியா ஒரு தாளில் "0.7 கழிக்கவும்" என்று எழுதித் தராசில் ஒட்டினாள். மார்ச்சில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு "1.6 கழிக்கவும்" என்று ஒட்டினாள். ஏப்ரலில் "2.9". தராசு நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகிறதே என்று அவளுக்கு அதன் மேல் பொல்லாத கோபம்.

வாசிக்கிற உங்களுக்கு விஷயம் எப்போதோ விளங்கியிருக்கும். அவளுக்கு விளங்கவில்லை. வருடத்துக்கு நானூறு பெண்களிடம் "கடைசி மாதவிலக்கு எப்ப? பிள்ளைத்தாய்ச்சியா இருக்கச் சாத்தியம் இருக்கோ?" என்று கேட்டு எழுதுகிறவள், தன்னிடம் ஒரு தரம் கேட்டாளா? காற்சட்டை இறுக்கியது. புது ட்ரையர் சுருக்கிவிட்டது என்று ட்ரையரைத் திட்டினாள். இரவு எட்டு மணிக்கே கண் செருகியது. வெயில் என்றாள். மீன் பொரிக்கிற மணம் குமட்டியது. பழைய மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனாள். மாதவிலக்கு வராததற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. அவளுடைய அக்காவுக்கு நாற்பத்து மூன்றிலேயே நின்றுவிட்டது. தனக்கும் அந்தக் காலம் வந்துவிட்டது, இனி ஆசைப்படுவதற்குக்கூட வழியில்லை என்று நினைத்தாள். பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கால் மணித்தியாலம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு மாங்காய் வாங்கப் போனாள். கிலோக் கணக்கில் வாங்கினாள்.

இதற்கிடையில் வெஸ்ட்கேட் பக்கம் மரக்கறி வெட்டிச் சலாட் பொதி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஒரே கொண்டாட்டம். அது வித்தியா மாதம்தோறும் போகிற இடம், அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ஒன்றும் செய்யாமலே எல்லாருக்கும் நிறை குறைந்துகொண்டு வந்தது. சும்மா இருப்பார்களா? லொறிகளில் சாமான் ஏற்றுகிற பகுதிக்குப் பொறுப்பான ஜெய் பிரகாஷ், பிஜிக்காரர், ஐம்பத்தைந்து வயது, தன் அட்டையை வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். நிறை குறைந்த சந்தோஷத்துக்கு வாராவாரம் ஆட்டிறைச்சிக் கறி வேறு.

ராகவிக்கு மட்டும் கொண்டாட்டம் இல்லை. ராகவி மதுரைக்காரி, இருபத்தேழு வயது, அங்கே கரட் வெட்டுகிற மெஷினில் வேலை. ஆறாம் மாதம், முதல் பிள்ளை. ஜனவரியில் அவள் அறுபத்து நாலு கிலோ இருந்தாள். பெப்ரவரி அட்டையில் அறுபத்து நாலு புள்ளி மூன்று. மார்ச்சில் அறுபத்து நாலு புள்ளி நாலு. அவளைப் பார்க்கிற மிட்வைஃப் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏப்ரலிலும் நிறை நகராவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளை வளர்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அன்றைக்குப் போன தூக்கம் ராகவிக்குத் திரும்பி வரவில்லை. அவளுடைய கணவன் பாஸ்கரன் முட்டை, பாதாம்பால், நெய்ச்சோறு என்று கண்விழித்த நேரமெல்லாம் எதையாவது ஊட்டிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் மாதம் வித்தியா அங்கே போன அன்று, ராகவிதான் முதல் ஆளாக வந்து நின்றாள்.

"கம்பூட்ஸைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ, ராகவி."

ராகவி முழங்கால்வரை வந்த ரப்பர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். தராசு அறுபத்தேழு புள்ளி மூன்று என்றது. வித்தியா இரண்டு புள்ளி ஒன்பதைக் கழித்தாள். அறுபத்து நாலு புள்ளி நாலு. போன மாதமும் அதுதான். பேனா அட்டை மேலேயே நின்றுவிட்டது.

"என்னக்கா? கூடியிருக்கா?"

வித்தியா போன மாத எண்ணை இன்னொரு தரம் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. போன மாசம் அந்த சமோவாக்காரப் பொண்ணுக்கு நல்லா கூடியிருக்குன்னு சொன்னீங்கல்ல? எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?" ராகவியின் முகம் கோணிக்கொண்டு வந்தது. "தின்னு தின்னு வாயே வலிக்குதுக்கா. எல்லாம் எங்கதான் போகுது? என் புள்ள வளருதா இல்லையா?"

அந்த அழுகை வித்தியாவுக்குத் தெரிந்த அழுகை. இரண்டு தரம் அழுதிருக்கிறாள். "அழாதைங்கோ, அழாதைங்கோ" என்று ராகவியின் தோளைப் பிடித்தவள், அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தாள். கன்னம் உப்பியிருக்கிறது. வயிறு எடுப்பாகத் தெரிகிறது. மணிக்கட்டு வளையல்கூட இறுகிக்கிடக்கிறது. இந்தப் பெண்ணா நூறு கிராம்கூடக் கூடவில்லை?

ராகவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தாள். தராசில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. "கழிக்கவும்னு போட்டிருக்கே, இது யாரு எழுதுனது?"

"நான்தான். தராசு பிழை. கூடக் காட்டுது."

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"நான் ஏறிப் பாக்கிறனான். நான் எப்பவும் ஐம்பத்தெட்டுப் புள்ளி ஆறு."

ராகவிக்கு அழுகை நின்றுவிட்டது. "உங்களை வச்சா? மனுச உடம்பை வச்சா மெஷின் செக் பண்றீங்க? ஏங்க்கா, இங்க இத்தனை வெங்காய மூட்டை கிடக்கே, அதுல ஒண்ணை வச்சுப் பாத்திருக்கலாம்ல?"

வித்தியாவுக்குச் சுருக்கென்றது. பதினொரு வருட அனுபவம், இரண்டு டிப்ளோமா, வெங்காய மூட்டை ஞாபகம் வரவில்லை. தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாமான் ஏற்றுகிற பகுதிக்கு விறுவிறு என்று நடந்தாள். பின்னால் ராகவி வெறும் சாக்ஸோடு ஓடிவந்தாள். ஜெய் பிரகாஷ் இரண்டு பேரையும் பார்த்துப் பயந்துபோய், அவர்கள் கேட்டபடியே இருபது கிலோ வெங்காய மூட்டை ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தார்.

இருபது புள்ளி பூச்சியம்.

"இன்னொண்டு வையுங்கோ" என்று வித்தியா அவரிடம் தமிழிலேயே சொன்னாள். அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. நாற்பது புள்ளி பூச்சியம்.

"ஐயோ, தராசு சரி" என்றாள் வித்தியா.

"அப்ப நான் அறுபத்தேழு புள்ளி மூணா?"

வித்தியா அங்கேயே குந்தி, அட்டையை முழங்காலில் வைத்து, கழித்ததையெல்லாம் திரும்பக் கூட்டினாள். அறுபத்து நாலு, அறுபத்தைந்து, அறுபத்தாறு, அறுபத்தேழு புள்ளி மூன்று. படிப்படியாக ஏறியிருந்தது. "ராகவி! மூண்டு கிலோ முந்நூறு கிராம்! நல்லாக் கூடியிருக்கு! நல்லாக் கூடியிருக்கு, பிள்ளை!"

ராகவி அவளைக் கட்டிப்பிடித்தாள். வித்தியாவின் தலைவலைத் தொப்பி கழன்று வெங்காயத்தின் மேல் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள், ராகவி சாக்ஸ் காலோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜெய் பிரகாஷ் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால், "தராசு சரியென்றால், எனக்குக் குறைந்த அந்த மூன்று கிலோ?"

"மன்னித்துக்கொள்ளுங்கள், மிஸ்டர் பிரகாஷ். அது குறையவே இல்லை."

அவர் வெங்காய மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அக்கா" என்றாள் ராகவி. அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு வித்தியாவை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இறுகின காற்சட்டை இடுப்பில் பட்டன் போடாமல் ஊசி குத்தியிருந்தது. "மெஷின் சரின்னா, கூடினது நீங்கதானே?"

ராகவி வித்தியாவின் கையிலிருந்த படிவக் கட்டைப் பறித்தாள், பேனாவையும் பறித்தாள், தொண்டையைக் கனைத்தாள். "கடைசி மாதவிலக்கு எப்ப?"

"விசர் வேலை பாக்காதைங்கோ, ராகவி."

"பதில் சொல்லுங்க, நான் எழுதணும்."

"ஜனவரி. பொங்கலுக்கு முதல். ஆனா அது வந்து, எங்கடை அக்காவுக்கும்…"

"மாசமா இருக்க சாத்தியம் இருக்கா?"

மூன்று வருடமாகக் கம்பனிக்குக் கொடுக்கிற தன் படிவத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று கோடு போட்டே பழகிய கை அது. இந்த முறை "இல்லை" என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்றது. ட்ரையர், வெயில், மீன்கடைக்காரன், மாங்காய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவளும் ஜெய் பிரகாஷின் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள்.

அவளைக் கார் ஓட்ட விடாமல் ஜெய் பிரகாஷே வெஸ்ட்கேட் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். மூன்று கம்பனியின் சோதனைக் குச்சி வாங்கினாள். மூன்றிலும் இரண்டு கோடு. மருந்துக்கடை வாசலில் நின்றபடி போனை எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, எங்கை நிக்கிறியள்?"

"கூரையிலை. ஏன்?"

"இறங்குங்கோ."

"என்ன நடந்தது?"

"முதல் இறங்குங்கோ. ரெண்டு காலும் தரையிலையோ?"

"ஓம், ஓம். சொல்லும்."

"தராசு சரியாம்."

யசீகரன் எதையும் அளந்து பார்க்கிறவன், கணக்குப் போட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் அப்பவே சொன்னனான், நீர்தான் கூடியிருப்பீர் எண்டு…" என்று வீறாப்பாகத் தொடங்கியவனுக்குப் பாதியில் குரல் உடைந்தது. நாலு தச்சர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதானாம்.

நாலு நாள் கழித்து ஸ்கேன். உள்ளே போகும்வரை இருவருக்கும் பயம்தான். ஸ்கேன் எடுத்த பெண் பதினைந்து கிழமை என்று சொல்லிவிட்டு, இதயத் துடிப்பின் ஒலியைக் கூட்டி வைத்தாள். அறை முழுக்க அந்தச் சத்தம். எட்டாம் கிழமையை எண்ணி எண்ணித்தான் முந்திய இரண்டு தரமும் வித்தியா பாதி உயிரானவள். இந்த முறை அதைத் தாண்டியதுகூடத் தெரியாமல், மாங்காய் தின்றுகொண்டு, தராசைத் திட்டிக்கொண்டு தாண்டியிருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்கு அடக்கமாட்டாத சிரிப்பு வந்தது. அசையாமல் படுக்கும்படி அந்தப் பெண் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வெஸ்ட்கேட்டின் அறுபது அட்டையையும், மற்றத் தொழிற்சாலைகளின் அட்டைகளையும் வித்தியா திருத்தி எழுதினாள். மூன்று கிலோ வரை குறைந்துவிட்டதென்று சந்தோஷப்பட்ட அத்தனை பேரிடமும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டாள். முதலில் முணுமுணுத்தார்கள். காரணம் தெரிந்ததும் மதியச் சாப்பாட்டு அறையில் கைதட்டல். ஜெய் பிரகாஷ் எழுந்து நின்று, தன் மூன்று கிலோவைத் தின்றது அந்தப் பிள்ளைதான் என்றும், பிறந்ததும் அதைத் தூக்கி நிறுத்துப் பார்க்கிற முதல் உரிமை தனக்கே என்றும் அறிவித்தார்.

கம்பனிக்குப் போன் பண்ணிப் புதுத் தராசு வேண்டாம் என்றாள் வித்தியா. ஆனால் இனித் தன்னை வைத்துத் தராசைப் பார்க்க முடியாதே. மே மாதம் வெஸ்ட்கேட் போகிற அன்று காலை கராஜுக்குள் போய், இரும்புப் படிக்கல்லைத் தூக்கக் குனிந்தாள்.

"வையும்! வையும் கீழை!" யசீகரன் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தான். "பத்துக் கிலோ! உமக்கென்ன விசரே?" அவனே அதை இரண்டு கையாலும் தூக்கிப்போய்ப் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டான். பிறகு நிமிர்ந்து காருக்குள் பார்த்தான். "முன்னுக்குத் தராசு. பின்னுக்குப் படிக்கல். மற்றப் பக்கம் பிள்ளையின்ரை சீட்டு வரும். அப்ப நான் எங்கை இருக்கிறது?"

"நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ" என்றாள் வித்தியா.

தொழிற்சாலையில் ஜெய் பிரகாஷ் படிக்கல்லை இறக்கித் தராசில் வைத்தார். பத்துப் புள்ளி பூச்சியம். வித்தியா முதல் அட்டையை எடுத்தாள். முதல் ஆள் ராகவி. ஏழாம் மாத வயிற்றோடு தராசுப் பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் ஏறவில்லை.

"முதல்ல நீங்க ஏறுங்கக்கா. எப்பவும் நீங்கதானே முதல்ல ஏறுவீங்க?"

வித்தியா சப்பாத்தைக் கழற்றினாள். போனை மேசையில் வைத்தாள். பதினொரு வருடத்தில் முதல் தரமாக, தராசைச் சோதிக்க இல்லாமல் தனக்காக ஏறினாள். எண் ஓடி ஓடி நின்றது. அறுபத்து மூன்று புள்ளி இரண்டு.

ராகவி குனிந்து பார்த்தாள். போன மாதத்து அறுபத்தொன்று புள்ளி ஐந்தோடு ஒப்பிட்டாள். அவசரப்படவில்லை.

"நல்லா கூடியிருக்குக்கா" என்றாள்.

வித்தியாவுக்கு இறங்க மனம் வரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், சிரித்தபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே மற்றவர்கள் எல்லாரும் கம்பூட்ஸைக் கையில் பிடித்தபடி வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்கள்.